மல்லாந்த சைக்கிளுக்குப் புதுச் சக்கரம்

தணிகாசலம் செத்துப்போனதை ஆலப்பேட்டையில் யாரும் கவனிக்கவில்லை. உயிரோடு இருந்தபோதும் அவர் தெருவில் மல்லாந்தபடியேதான் வருவார் போவார் என்பதால், அன்று காலையும் அவர் அப்படியே வந்தார், அப்படியே போனார், நாங்களும் குடத்தை வைத்துக்கொண்டு அவர் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் தண்ணீர் பிடித்துக்கொண்டோம்.

அவருடைய சைக்கிள் அப்படிப்பட்டது. ஊர் உலகத்தில் சைக்கிள் என்றால் ஏறி உட்கார்ந்து குனிந்து மிதிப்பது. இது ஈசிசேரில் சாய்கிற மாதிரி சாய்ந்து, இரண்டு காலையும் முன்னால் நீட்டி, வானத்தைப் பார்த்துக்கொண்டு மிதிப்பது. பின்னால் பெரிய சக்கரம், முன்னால் சின்னப் பிள்ளைகள் வண்டியில் இருப்பது போல ஒரு குட்டிச் சக்கரம், நடுவில் அலுமினியச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை இருக்கை. புதுச்சேரிப் பக்கம் வெகுகாலம் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது, முதுகில் டிஸ்க் விலகி நிமிரவும் முடியாமல் குனியவும் முடியாமல் நின்றிருந்த தணிகாசலத்தைப் பார்த்து, இது உனக்குத்தான் ஆகும் என்று சைகையில் சொல்லி, வண்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். அப்போதே அது பழைய வண்டி. நாங்கள் அதற்கு மல்லாந்த சைக்கிள் என்று பெயர் வைத்து, கொஞ்ச நாள் வயிறு வலிக்கச் சிரித்து, சிரிப்பதற்கு வேறு விஷயம் கிடைத்ததும் விட்டுவிட்டோம்.

தணிகாசலம் ஊராட்சியின் டேங்க் ஆபரேட்டர். எங்கள் ஊரைச் சுற்றிலும் உப்பளம். எந்தக் கிணற்றில் இறைத்தாலும் வாயில் வைக்க முடியாது. ஆகையால் குடிக்க, உலை வைக்க, பிறந்த குழந்தையைக் குளிப்பாட்ட எல்லாவற்றுக்கும் டேங்க் தண்ணீர்தான். விடியற்காலையில் அவர் தெருத்தெருவாகப் போய், தெரு முனையில் இருக்கிற வால்வைத் திறந்து, எல்லோரும் பிடித்து முடித்ததும் மூடிவிட்டு, அடுத்த தெருவுக்குப் போக வேண்டும். அவரால் குனிய முடியாது. அதனால் வண்டியை வால்வுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுச் சாய்ந்தே இருப்பார்; வண்டியின் பக்கவாட்டில் தொங்குகிற இரும்புச் சாவியை எடுத்து அந்தத் தெருக்காரர் யாராவது திருகிவிடுவார்கள்; அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டே "போதும், மூடு" என்பார், மூடுவார்கள். இன்னும் ஒரு குடம் என்று யாராவது இழுத்தால் அவர் திட்டமாட்டார், வண்டியைக் கிளப்பிக்கொண்டு நகர்ந்துவிடுவார், அது திட்டுவதைவிட மோசமாக இருக்கும்.

செத்த அன்று அவர் "போதும்" சொல்லவில்லை. போன தெருவில் என்ன சண்டையோ, மனிதர் கடுப்பில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, வண்டி நகர்ந்ததும் நாங்களாகவே மூடிக்கொண்டோம். எல்லாத் தெருவும் முடிந்து வண்டி வீட்டு வாசலில் போய் நின்றபோது, அவர் மனைவி பச்சையம்மாள் கூழைக் கரைத்து எடுத்துக்கொண்டு வந்தாள், கூப்பிட்டாள், காலைத் தொட்டாள், கால் சில்லென்று இருந்தது. வெளிச்சம் வருவதற்கு முன்பே, டேங்க்கை விட்டுக் கிளம்பும்போதே உயிர் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அப்புறம் மிதித்தது யார் என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் அதை ஒரு பேச்சாக எடுக்கவில்லை, எல்லாத் தெருவுக்கும் தண்ணீர் வந்துவிட்டிருந்தது.

அவரை எரித்து, மறுநாள் காலை பால் தெளிக்கப் போகலாம் என்று ஆண்கள் அவர் வீட்டு வாசலில் கூடியபோது, சுவரோரம் நின்றிருந்த சைக்கிள் தானாக நிமிர்ந்து, பெடல்கள் சுற்ற, எங்கள் நடுவே வழி பண்ணிக்கொண்டு தெருவில் இறங்கி, டேங்க் பக்கம் போனது. நாங்கள் பால் சொம்போடு ஒதுங்கி நின்றோம். முதல் வால்வில் அது போய் நின்றதும், அந்தத் தெருவில் குடத்தோடு காத்திருந்த பெண்களில் ஒருத்தி எப்போதும் போலச் சாவியை எடுத்துத் திருகினாள், எப்போதும் போலத் தண்ணீர் வந்தது, எல்லோரும் பிடித்து முடிகிற நேரத்துக்கு வண்டி நகர்ந்தது, அவள் மூடினாள். சுடுகாட்டுக்குக் கொஞ்சம் தாமதமாகப் போனோம், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஊர் இதற்குத் தன்னைச் சரிசெய்துகொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் நாய்கள் குரைத்தன, இரண்டொரு நாளில் அவையும் விட்டுவிட்டன. டவுன் பஸ் டிரைவர் வளைவில் ஆரன் அடிக்காமல் வேகத்தைக் குறைத்து, கையைத் தூக்கி ஒரு வணக்கம் போட்டுவிட்டுப் போகப் பழகினார். பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கிற ஏகாம்பரம், தணிகாசலம் உயிரோடு இருந்தபோது அவருக்குக் கொடுத்த அதே சர்க்கரை குறைந்த டீயைச் சைக்கிளின் கைப்பிடிக்குப் பக்கத்தில் நீட்டி, ஆறுகிறவரைக்கும் பிடித்துக்கொண்டு நின்று, பிறகு அதைத் தானே குடித்துவிட்டு, "இன்னிக்கு அவருக்கு இறங்கல" என்றோ "இன்னிக்கு குடிச்சாரு, ருசியே இல்ல பாரு" என்றோ சொல்வார். ஊராட்சித் தலைவர் தன் மச்சானைப் புது ஆபரேட்டராகப் போட்டார். மச்சான் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கினான், வேலையைச் செத்தவர் பார்த்துக்கொண்டார், இதில் யாருக்கும் எந்த வருத்தமும் இல்லை. முன்பெல்லாம் இன்னும் ஒரு குடம் என்று இழுத்தவர்கள்கூட இப்போது இழுப்பதில்லை, உயிரோடு இருக்கிறவரிடம் கெஞ்சலாம், இவரிடம் எப்படிக் கெஞ்சுவது?

முதுகு வலிக்காரர்கள் இருக்கையைத் தொட்டு இடுப்பில் தடவிக்கொள்ள ஆரம்பித்தார்கள். கல்யாணம் தள்ளிப்போகிற வீட்டிலிருந்து ஒரு அம்மாள் மஞ்சள் துணியில் காசு முடிந்து கைப்பிடியில் கட்டினாள். ஒரு வெள்ளிக்கிழமை யாரோ கதம்ப மாலையே போட்டுவிட்டார்கள். அதைப் பார்த்ததும் பச்சையம்மாள் தெரு என்றும் பார்க்காமல் மாலையை அறுத்தெறிந்தாள்.

"இது சாமியும் இல்ல பூதமும் இல்ல. எங்க வூட்டுக்காரு. வேலைக்குப் போற ஆம்பளைக்கு நடுரோட்ல மால போடுவியா நீ?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு யாரும் போடவில்லை.

பச்சையம்மாளைப் பற்றி ஒன்று சொன்னால் உங்களுக்குக் கேலியாக இருக்கும், ஆனாலும் அதுதான் உண்மை: புருஷன் செத்த பிறகுதான் அவள் புருஷனோடு சந்தோஷமாக இருந்தாள். பிள்ளை குட்டி இல்லை. முதுகு வலியில் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தால் படுத்ததுதான், இருபது வருஷம் அவள் அந்த முதுகோடுதான் குடித்தனம் நடத்தினாள். இப்போதோ காலைச் சுற்று முடிந்து சைக்கிள் வீட்டுக்குள் வந்து நின்றதும், இருக்கையின் வலை ஒரு ஆள் சாய்ந்திருப்பது போலக் குழிந்தே இருக்கும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே பேசுவாள், திட்டுவாள், ஊர்க்கதை சொல்வாள், சிரிப்பாள். மத்தியான வெயில் ஏறினதும் வலை மெல்ல மேலே எழும்பித் தட்டையாகிவிடும். அவர் எங்கே போவார் என்று அவளுக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. விடியற்காலையில் வலை மறுபடி குழியும்போது அவள் விளக்கைப் போட்டு, "வந்துட்டீங்களா" என்பாள்.

அந்த வலைதான் முதலில் கிழிந்தது. வெயிலில் காய்ந்து காய்ந்து நூல் பொடிப்பொடியாக உதிர்ந்து, சரியாக அவர் இடுப்பு வருகிற இடத்தில் ஒரு ஓட்டை விழுந்து, தினம் கொஞ்சம் பெரிதானது. அதே சமயம் முன் சக்கரமும் கோட்டமாகி, மழைக்காலத்தில் கேபிள் போடத் தோண்டிய பள்ளத்தில் இறங்கி ஏறியதில் ஸ்போக்ஸ் கம்பிகள் நாலைந்து தெறித்து, வண்டி குடிகாரன் மாதிரித் தள்ளாடிக்கொண்டு வந்தது. பின் சக்கரத்தின் டயரில் உள்துணி தெரிந்தது. மேட்டுத் தெருவில் ஒருநாள் அது சாய்ந்தே விட்டது, பெண்கள் ஓடிவந்து தூக்கி நிறுத்தினார்கள், "பாத்து வாங்கண்ணா" என்று சொல்லிப் புழுதியைத் தட்டிவிட்டார்கள். அதைக் கேள்விப்பட்ட அன்றிலிருந்து பச்சையம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. ஓட்டை வழியாக அவர் நழுவிக் கீழே விழுந்துவிட்டால், வண்டி அவரை விட்டுவிட்டு வந்துவிட்டால், எந்தத் தெருவில் போய்த் தேடுவது? கண்ணுக்குத் தெரியாத ஆளை எப்படிக் கைகொடுத்துத் தூக்குவது? அவர் தன்னிடமிருந்து போய்விடக் கூடாது, அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் சைக்கிள் கடை வைத்திருக்கிற தஸ்தகீர் பாயிடம் போனாள். பாய் சிடுசிடுப்பான மனிதர், பஞ்சர் ஒட்டக் கொண்டுபோனால்கூட, ஆணி இருக்கிற ரோட்டில் ஏன் போனாய் என்று கேட்பவர். அவர் அவள் வீட்டுக்கு வந்து சைக்கிளை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, வண்டியா அப்பளமா? தொட்டா உதிருது. இத்த ஓட்டிகினு அந்த மனுசன் எப்டி ஊரச் சுத்தறாரு?"

"அதான் பாய் பயமா இருக்குது. வுழுந்துடுவாரு. அவருக்கு இடுப்புல வேற நோவு."

"செத்தவனுக்கு இன்னாம்மா நோவு?" என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டதாகப் பாய் பிறகு ஏகாம்பரத்திடம் சொன்னார். அவளிடம் சொன்னது இதுதான்: "சக்கரம் ரெண்டும் மாத்தணும். சீட்டும் மாத்தணும். ஆனா வண்டிய என் கடையில போட்டு வைக்க முடியாது. வெடிஞ்சா அது கெளம்பிடும், பாதி நட்டு போட்ட நெலையில நான் பின்னால ஓடணும்."

ஆகையால் பாய் அவள் வீட்டுக்கே வந்து வேலை செய்வது என்றும், மத்தியானத்துக்கு மேல் அவர் இறங்கிப் போன பிறகு மட்டுமே கை வைப்பது என்றும், ஒரு நாளைக்கு ஒரு பாகமாக மாற்றுவது என்றும் பேசி முடித்தார்கள். அந்த முன் சக்கர அளவு நம் பக்கத்தில் கிடைப்பதில்லை என்று பாய் நாலு ஊர் அலைந்து, கடைசியில் புதுச்சேரியில் ஒரு கடையில் அலுமினிய ரிம்மும் பேரிங் வைத்த ஹப்பும் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தார். ஊரே கூடிவிட்டது. வலை வேண்டாம், ஃபோம் வைத்து ரெக்சின் தைத்துவிடலாம், பெரிய மனிதர்கள் கார் மாதிரி இருக்கும் என்றார் தலைவரின் மச்சான், தன் வேலையைப் பார்க்கிறவர் மேல் அவனுக்கு அவ்வளவு அக்கறை.

"ரெக்சின் வெயில்ல சுடும். அவருக்கு முதுகு வேர்க்கும்," என்றாள் பச்சையம்மாள்.

கடைசியில், காரில் ஆளை இழுத்துக் கட்டுகிறார்களே அந்த பெல்ட்டை, பழைய கார் உடைக்கிற இடத்திலிருந்து சுருள் சுருளாக வாங்கிவந்து, நாடாக் கட்டில் பின்னுகிற மாதிரி குறுக்கும் நெடுக்கும் பின்னுவது என்று முடிவானது. யானையே படுத்தாலும் அறுகாது என்றார் பாய். அளவுக்குத்தான் ஆள் இல்லை. சாய்மானம் எவ்வளவு உயரம், இடுப்புக்கு எங்கே தாங்கல் கொடுக்க வேண்டும் என்று பாய் கேட்டபோது, ஊரில் அவர் உயரம் நான்தான் நான்தான் என்று ஆளாளுக்கு வந்து நின்றார்கள். பச்சையம்மாள் அவர்களை விலக்கிவிட்டுத் தானே சட்டத்தின் மேல் சாய்ந்து படுத்தாள்.

"என் தலைக்கு மேல ஒரு சாண் வெச்சுக்க பாய். இடுப்புத் தாங்கல் என் கை இருக்கிற எடத்துல. நோவு அங்கதான், தேச்சு விட்டிருக்கேன், எனக்குத் தெரியும்," என்றாள். தஸ்தகீர் பாய் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டார்.

முதல் நாள் முன் சக்கரம் மாட்டினார். மறுநாள் காலை வண்டி தள்ளாட்டமே இல்லாமல் நூல் பிடித்த மாதிரிப் போவதை நாங்கள் பார்த்தோம். ஏகாம்பரம் டீயை நீட்டிக்கொண்டே, "மாப்பிள்ள கணக்கா போறாருய்யா" என்றார். அடுத்த நாள் மத்தியானம் பழைய வலையை அறுத்தெடுத்து பெல்ட்டைப் பின்னி முடித்தார் பாய். அன்று பச்சையம்மாள் தூங்கியிருக்கமாட்டாள். இத்தனை இறுக்கமான பெல்ட்டில் அவர் வந்து சாய்ந்தால் தெரியுமா, தெரியாதா, தனக்குப் பிடித்தது இல்லை என்று வராமலே இருந்துவிடுவாரா என்று கேட்டுக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்களைப் படுத்தி எடுத்தாள். விடியற்காலையில் பெல்ட் மெல்ல உள்வாங்கியது, இடுப்பு, முதுகு, தோள் என்று ஒவ்வொரு இடமாக அழுந்தி, பழைய வலையில் இருந்ததைவிடத் தெளிவாக ஒரு ஆளின் அச்சு விழுந்தது. அவள் வாய்விட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு ஓடிவந்தவர்கள் விஷயம் தெரிந்ததும் சிரித்தார்கள், அவளும் அழுதுகொண்டே சிரித்தாள். எங்கள் ஊரில் சமீபத்தில் அவ்வளவு சந்தோஷமான காலை வேறு எதுவும் இல்லை.

மூன்றாவதாகப் பின் சக்கரம். அதையும் மாட்டி, கோட்டம் எடுத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, சட்டம் முழுக்கத் துணியால் துடைத்துவிட்டு, பாய் தூரமாகப் போய் நின்று பார்த்தார்.

"அவ்ளதாம்மா. வண்டி புதுசாயிடுச்சு," என்றார்.

புதுசு என்ற அந்தச் சொல் போதும். எங்கள் ஊரில் டிராக்டரோ மொபெட்டோ ஸ்கூல் வேனோ எதுவாக இருந்தாலும், புது வண்டியைப் பூசை போடாமல் தெருவில் இறக்குகிற வழக்கம் இல்லை. பூசணிக்காய் நான் தருகிறேன் என்றார் ஏகாம்பரம். சூடம், சந்தனம் என்று ஆளுக்கு ஒன்றை ஏற்றுக்கொண்டார்கள். தஸ்தகீர் பாய் தன் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டே, "அது உங்க வழக்கம். செய்ங்க, நல்லா செய்ங்க," என்றார். எல்லாம் பேசி முடித்துக் கலைகிற நேரத்தில் பச்சையம்மாள்தான் கூப்பிட்டுக் கேட்டாள்.

"எலுமிச்சம்பழம் யாரு வாங்கறீங்க? யாருமே சொல்லலியே."

யாரும் சொல்லவில்லைதான். அவளே சந்தைக்குப் போனாள். கூடையில் இருந்த பழங்களையெல்லாம் உருட்டிப் புரட்டி, புள்ளி இல்லாத, காம்பு பச்சையாக இருக்கிற, உள்ளங்கையில் வைத்தால் கனக்கிற பழங்களாக இரண்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் விடிகிறபோது அவள் வீட்டு வாசலில் திருவிழாக் கூட்டம். குடத்தோடு வந்த பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள். உள்ளே பெல்ட் அழுந்தியதை அவள் பார்த்துவிட்டு வந்து, "வந்துட்டாரு" என்று சொன்னாள். ரிம்முக்குச் சந்தனம் வைத்தார்கள், கைப்பிடிக்குப் பூச்சுற்றினார்கள், அன்றைக்கு மட்டும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. பூசணிக்காயைச் சுற்றி நடுத்தெருவில் உடைத்தார்கள், ஆரத்தி எடுத்தார்கள். வாசற்படிக்குக் கீழே, முன் சக்கரத்துக்கு ஒன்றும் பின் சக்கரத்துக்கு ஒன்றுமாக எலுமிச்சம்பழங்களை அவளே தன் கையால் வைத்தாள். சைக்கிள் நிமிர்ந்து, புதுச் சக்கரங்களில் ஒரு சத்தமும் இல்லாமல் படி இறங்கி வந்தது. பழத்துக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றுவிட்டது.

அது அப்படி நின்று நாங்கள் பார்த்ததே இல்லை. வால்வில் நிற்கும், டீக்கடையில் நிற்கும், வீட்டில் நிற்கும். கிளம்புகிற நேரத்தில் ஒருநாளும் நின்றதில்லை. பெடல்கள் கொஞ்சம் பின்னோக்கிச் சுற்றின. மறுபடி முன்னால் வந்தன. மறுபடி நின்றன.

"கூட்டத்தப் பாத்து வெக்கப்படறாருடி," என்றாள் ஒருத்தி, எல்லோரும் சிரித்தோம்.

பச்சையம்மாளும் சிரித்தாள். அவர் எப்போதுமே கூட்டத்தில் கூச்சப்படுகிறவர், கல்யாணத்தன்று மேடையில் ஏறவே இரண்டு பேர் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது என்று சொல்லிக்கொண்டே, பின்னால் போய், சாய்மானத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். "போங்க, தண்ணிக்கு நேரமாவுது," என்று தள்ளினாள்.

முன் பழம் நசுங்கியது, பின் பழம் நசுங்கியது, சாறு தெறித்துப் பக்கத்தில் நின்ற பிள்ளைகள் கண்ணைத் தேய்த்தன, நாங்கள் கை தட்டினோம். கைதட்டல் முடிவதற்குள் சைக்கிள் சாய்ந்து தரையில் விழுந்தது. ஆள் இல்லாத எந்தச் சைக்கிளும் விழுகிற மாதிரி, ஒரு பக்கமாக, பெடல் மண்ணில் குத்த, அது விழுந்தது. முன் சக்கரம் மட்டும் மேலே தூக்கினபடி வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. "பேரிங் அப்டி," என்று தஸ்தகீர் பாய் பெருமையாகச் சொன்னார், சொல்லிவிட்டுத்தான் எங்கள் முகங்களைப் பார்த்தார்.

தூக்கி நிறுத்தினோம், விழுந்தது. மறுபடி நிறுத்தினோம். பச்சையம்மாள் இருக்கையைத் தடவிப் பார்த்தாள். பெல்ட் மேளத்தோல் மாதிரி விறைப்பாக இருந்தது, எங்கேயும் ஒரு குழி இல்லை.

வண்டிக்கு எலுமிச்சம்பழம் எதற்கு வைக்கிறோம் என்று எங்கள் ஊரில் யாருக்குத் தெரியாது? வண்டியில் கண்ணுக்குத் தெரியாமல் ஏறி உட்கார்ந்திருக்கிற எதுவாக இருந்தாலும் இறங்கி ஓடட்டும், இனி ஏறாமல் இருக்கட்டும் என்றுதான் வைக்கிறோம். அத்தனை பேருக்கும் தெரியும். அத்தனை பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம், ஒருவருக்குக்கூட அந்த நேரத்தில் தோன்றவில்லை, ஏனென்றால் அவரை நாங்கள் அந்தக் கணக்கில் சேர்த்ததே இல்லை. அவர் டேங்க் ஆபரேட்டர்.

அதை வாய்விட்டு யாரும் சொல்லவில்லை. அவள் காதில் விழக் கூடாது என்று, பழியைத் தூக்கிச் சக்கரத்தின் மேல் போட்டோம், அலுமினியம் அவருக்கு ஆகவில்லை என்றோம், செத்தவர் மேல் பட வேண்டிய பெல்ட்டா அது, எத்தனை விபத்துப் பார்த்த கார்களிலிருந்து வந்ததோ என்றோம். இரண்டொருவர் தஸ்தகீர் பாயின் கடைக்கே போய்ச் சத்தம் போட்டார்கள். பாய் பழைய சக்கரங்களையும் கிழிந்த வலையையும் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தார்.

"பழசையே மாட்டிடறேம்மா. ஒருவேள அதுல பழகிட்டாரோ இன்னாவோ."

"வேணாம் பாய்," என்றாள் பச்சையம்மாள். "முன் சக்கரம் போட்டீங்க, போனாரு. சீட்டு போட்டீங்க, வந்து சாஞ்சாரு. அன்னிக்குக் காலைல பின் சக்கரமும் இருந்துது, வந்துதான் இருந்தாரு. உங்க வேலையில கொற இல்ல."

"அப்டிலாம் பேசாதம்மா."

"பழம் நானு கேட்டு வாங்கியாந்தது. அவரு நின்னாரு பாய். போவ மாட்டேன்னு நின்னாரு. நான்தான் தள்ளினேன்."

பாய் பழைய வலையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவள் வேண்டாம் என்றும் மனசு கேட்காமல் அன்று சாயந்திரம் பழையதையெல்லாம் மாட்டிப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை, மறுநாள் புதியதையே திரும்ப மாட்டினார்கள்.

அங்காளம்மன் கோயில் பூசாரியைக் கூட்டிவந்தோம். அவர் வண்டியைத் தொடாமல் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "கருமாதி கொளத்தாண்ட செஞ்சீங்க, அவரு வண்டில இருந்தாரு. அதனால போவாம இருந்தாரு. இப்ப வண்டிக்கே செஞ்சிட்டீங்க," என்றார். திரும்பக் கூப்பிட முடியாதா என்று கேட்டாள். "போவ வெக்கறதுக்குத்தான் எனக்குச் சொல்லிக் குடுத்துருக்காங்க தாயி. கூப்படறதுக்கு யாரும் சொல்லித் தரல," என்றார். தட்டில் வைத்ததை எடுத்துக்கொள்ளாமல் போனார்.

தலைவரின் மச்சான் இப்போது நிஜமாகவே வேலை பார்க்க வேண்டியதாயிற்று. தன் தெருவுக்கு அரை நாள் திறந்துவிடுவான், மேட்டுத் தெருவை மறந்துவிடுவான், கேட்டால் மோட்டாரில் கோளாறு என்பான். வால்வுக்கு வால்வு சண்டை. ஏகாம்பரத்தின் மனைவிக்கு மண்டையில் குடம் பட்டுத் தையல் போட்டார்கள். சைக்கிளைப் பார்த்தாலாவது நம் ஆட்களுக்குப் பயம் இருக்கும் என்று யாரோ யோசனை சொல்லி, பச்சையம்மாளைக் கெஞ்சி, அதைத் தள்ளிக்கொண்டு தெருத்தெருவாக வரச் சொன்னோம். அவளும் வந்தாள். இரண்டு நாள் மரியாதையாக இருந்தோம். மூன்றாம் நாள் அவள் வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவள் கண் எதிரிலேயே இன்னும் ஒரு குடம், இன்னும் ஒரு குடம் என்று அடித்துக்கொண்டோம். ஆள் இல்லாத சைக்கிள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவள் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

இப்போதும் விடியற்காலையில் அவள் எழுந்து, கதவை அகலத் திறந்து, சைக்கிளை வாசலுக்குக் கொண்டுவந்து நேராக நிறுத்தி, சாய்மானத்தின் பின்னால் உள்ளங்கையை வைத்து, "போங்க, நேரமாவுது" என்று சொல்லிவிட்டுக் கையை எடுக்கிறாள். வண்டி விழுகிறது. தூக்கி நிறுத்தி, மறுபடி சொல்லி, மறுபடி கையை எடுக்கிறாள். வெளிச்சம் வருகிறவரைக்கும் இது நடக்கிறது. முதலில் எங்களால் அதைக் கேட்கவே முடியவில்லை, பெண்கள் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு அழுதார்கள், யாராவது போய்த் தடுக்கலாமா என்று பேசினோம், போகவில்லை. பிறகு பழகிவிட்டது. அலுமினியச் சட்டம், நல்ல உறுதியான ரிம், விழுகிற சத்தம் நாலு தெருவுக்குக் கேட்கிறது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் நாங்கள் எழுந்து குடத்தை எடுத்துக்கொண்டு வால்வடிக்குப் போகிறோம்.